செக்கில் நாலு வீதம் வருகிறது, அப்போ லீவு இல்லையா?

வணக்கம். பலர் இரவு வேலை முடித்து நித்திரை இல்லாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள், தெரிகிறது, அதனால் சுற்றி வளைக்காமல், வேலையில் உங்களுக்குச் சேர வேண்டிய லீவு, வெக்கேஷன் பே என்கிற லீவுக் காசு, இந்த இரண்டையும் பற்றிய விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாசியில், ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். திறந்தால் ஆறு வருடத்துச் சம்பளச் சிட்டைகள், வருடம் வருடமாக ரப்பர் பட்டி போட்டு. சாப்பாடு பொதி செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. தையில் ஊரில் தகப்பனார் தவறிவிட்டார். செத்தவீட்டுக்குத்தான் போக முடியவில்லை, அந்தியேட்டிக் கிரியைக்காவது போய் யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் நிற்க வேண்டும் என்று மூன்று கிழமை லீவு கேட்டிருக்கிறார். "உங்களுக்கு லீவு கிடையாது, வெக்கேஷன் பே ஒவ்வொரு செக்கிலும் சேர்த்துத்தானே தருகிறோம்" என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். அக்கா அதை நம்பிவிட்டார். போகவில்லை.

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இன்றைக்கு நான் இங்கே நிற்கிறேன், ஏனென்றால் இதையே இந்த ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அது தவறு.

கனடாவில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் வேலைத் தராதரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 2000ஆம் ஆண்டுச் சட்டம், இ.எஸ்.ஏ. என்று சொல்லுவார்கள். அதில் லீவு நேரம் ஒன்று, லீவுக் காசு வேறொன்று. ஒரு வருடம் வேலை செய்து முடித்தால் இரண்டு கிழமை நேரம், ஐந்து வருடம் முடிந்தால் மூன்று கிழமை. காசு என்பது நீங்கள் உழைத்த மொத்தச் சம்பளத்தில், வரி கழிக்க முன்னுள்ள தொகையில், ஐந்து வருடம் முடியாதவர்களுக்குக் குறைந்தது 4 வீதம், முடித்தவர்களுக்குக் குறைந்தது 6 வீதம். ஓவர்டைமும் அந்தக் கணக்கில் சேரும். இந்தக் காசை லீவுக்குப் போக முன் மொத்தமாகத் தரலாம், அல்லது நீங்கள் எழுத்தில் சம்மதித்தால் ஒவ்வொரு செக்கிலும் துண்டு துண்டாகத் தரலாம். துண்டு துண்டாகத் தந்தாலும் அந்த இரண்டு கிழமையோ மூன்று கிழமையோ அப்படியே இருக்கும். லீவு நாட்களில் புதிதாகக் காசு வராது, அது முன்னமே கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நேரம் உங்களுடையது.

சரி, பேணிக்குத் திரும்பி வருவோம். மேலே இருந்த சிட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கிழமைக்கு 80 மணித்தியாலம், மணிக்கு 18 டொலர், ஆக 1,440. அதற்குக் கீழே 'வேக் பே', அதாவது வெக்கேஷன் பே, என்று ஒரு சின்ன வரி, மணித்தியாலம் எழுதுகிற இடம் வெறுமை, காசு மட்டும் 57 டொலர் 60 சதம். "அது ஏதோ வரி எண்டுதான் நான் நினைச்சனான்" என்றார் அக்கா. வரியாக இருந்தால் கழிக்கிற பக்கத்தில் இருக்க வேண்டும், இது கூட்டுகிற பக்கத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், 1,440இல் 57.60 என்றால் 4 வீதம். அவருக்கு ஐந்து வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. 6 வீதம் என்றால் 86 டொலர் 40 சதம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு செக்கிலும் 28 டொலர் 80 சதம் குறைவு, வருடத்துக்கு 26 செக், கூட்டினால் ஏறக்குறைய 750 டொலர். லீவும் கொடுக்கவில்லை, கொடுத்த காசும் குறைவு, இருந்தும் அந்த அக்கா தான் ஏதோ சலுகை கேட்டுவிட்டதாகக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தார்.

இந்தக் கூச்சம்தான் எனக்கு நெஞ்சைச் சுடுகிறது. ஒன்ராறியோவில் இந்த மூன்று கிழமை 2018 ஜனவரி முதலாம் திகதிதான் வந்தது. ஐந்து வருடமாக ஒரு இடத்தில் நின்று உழைத்தவருக்கு இன்னும் ஒரு கிழமை, அதுகூடப் பலருக்கு வந்து சேரவில்லை. தகப்பன் செத்தால் சட்டம் தருகிற துக்க விடுப்பு வருடத்துக்கு இரண்டு நாள், அதுவும் சம்பளமில்லாமல். ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேரவே அந்த இரண்டு நாளும் முடிந்துவிடும். எங்களைப் போல, பெற்றவர்களை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இந்த மூன்று கிழமையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லீவு எந்தத் திகதியில் என்று தீர்மானிக்கிற உரிமை முதலாளிக்குத்தான். நீங்கள் கேட்ட நாளிலேயே தந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் லீவு சேர்ந்த அந்த 12 மாதம் முடிந்து, அடுத்த 10 மாதத்துக்குள் நீங்கள் லீவை எடுத்து முடிப்பதற்கு வழி செய்வது அவருடைய கடமை. நீங்கள் கேட்க மறந்தாலும் அந்தக் கடமை போகாது. 'எடுக்காவிட்டால் போய்விடும்' என்று சொல்லி இந்த அடிப்படை லீவை அழிக்க முடியாது. லீவே வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பதற்குக்கூட முதலாளியோடு எழுத்தில் உடன்பாடும் அரசாங்கத்தின் வேலைத் தராதரப் பணிப்பாளரின் அனுமதியும் வேண்டும், அப்படி விட்டுக்கொடுத்தாலும் காசு தந்தே ஆக வேண்டும்.

சில இடங்களில் வேலை குறைந்த வெள்ளிக்கிழமை "வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டு அதை லீவில் கழிப்பார்கள். லீவைக் கிழமைக் கணக்கில்தான் தர வேண்டும். ஒன்றும் இரண்டுமாக நாள் பிரிப்பது நீங்கள் எழுத்தில் கேட்டு, அவரும் சம்மதித்தால் மட்டும்தான்.

தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலம் போகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தில் ஏஜென்சிதான் முதலாளி, காசும் நேரமும் அவர்கள்தான் தர வேண்டும். பகுதி நேரம், மாணவர், விசா எப்படி என்பதெல்லாம் இந்த உரிமையை மாற்றாது. வங்கி, விமான நிறுவனம், மாகாணம் கடந்து லொறி ஓடுகிறவர்கள் மத்திய அரசின் சட்டத்துக்குக் கீழே வருகிறார்கள், அங்கே இன்னும் ஒரு படி உண்டு, பத்து வருடம் முடிந்தால் நான்கு கிழமை, 8 வீதம்.

வேலையை விட்டு நின்றவர்களும் கேளுங்கள். நேரம் சேர ஒரு வருடம் வேண்டும், ஆனால் காசு முதல் மணித்தியாலத்தில் இருந்தே சேரும். மூன்று கிழமை வேலை செய்துவிட்டு நின்றாலும் அந்த மூன்று கிழமைச் சம்பளத்தின் 4 வீதம் உங்களுடையது. நின்ற ஏழு நாளுக்குள், அல்லது அடுத்த சம்பள நாளில், இரண்டில் எது பிந்துகிறதோ அதற்குள் தந்துவிட வேண்டும். நான் 1996இல் வந்த புதிதில் ஒரு உணவகத்தில் நான்கு மாதம் பாத்திரம் கழுவினேன். கடைசி நாளில் முதலாளி கையில் வைத்த காசுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நாலு வீதம் என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை.

அந்த முதலாளி எங்கட ஆள். இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறீர்கள், எங்கட ஆளிடம் எப்படிக் கேட்கிறது, வந்த நாளில் கை கொடுத்தவர் அல்லவா என்று. கை கொடுத்தது உண்மை, அந்த நன்றி இருக்கட்டும். ஆனால் நன்றிக்கடனை உங்கள் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய இரண்டு கிழமையில் இருந்து கழிக்கச் சொல்லி அவர் கேட்கக் கூடாது, நீங்களும் கொடுக்கக் கூடாது. உரிமையைக் கேட்டதற்காக வேலையால் நிறுத்துவதோ மணித்தியாலத்தைக் குறைப்பதோ சட்டப்படி குற்றம். வாய்ப்பேச்சில் சரிவராவிட்டால் தொழில் அமைச்சுக்கு இணையத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. காசு வர வேண்டிய நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், அந்தத் திகதியை மட்டும் தவற விடாதீர்கள்.

அதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு எத்தனை கிழமை லீவு இருக்கிறது, எவ்வளவு காசு சேர்ந்திருக்கிறது, கணக்கைத் தாருங்கள் என்று இரண்டு வரி. லீவுக் காசை மொத்தமாகத் தருகிற முதலாளி, எழுத்தில் கேட்டால் எழுத்தில் தர வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவை கேட்கலாம். செக்கோடு காசு வருகிறவர்களும் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. அக்காவும் நானும் அன்றைக்கு அந்தப் பிஸ்கட் பேணியை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு அதைத்தான் எழுதினோம். குறைவாகக் கொடுத்த மீதிக் காசு அடுத்தடுத்த செக்கில் வந்துவிட்டது. வருகிற தையில் தகப்பனாரின் ஆட்டைத் திவசம், மூன்று கிழமை லீவுக்கும் திகதி போட்டுக் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. வந்தவுடன் சொல்கிறேன் என்றார். தாளும் பேனையும் பின்னால் அந்த மேசையில் வைத்திருக்கிறோம், சிட்டை கொண்டுவந்தவர்கள் முதலில் வாருங்கள்.