தரங்கம்பாடியில் ஒரு இளைஞரின் பொழுது

(மயிலாடுதுறையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்த தலைப்பு, தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ்ப் பணி. அச்சுக்கூடம், புதிய ஏற்பாடு, பொறையாறு காகித ஆலை இதெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் அவற்றை ஓரமாக வைத்துவிடுகிறேன். எனக்கு வேறொரு ஆசை. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிறவரைக்கும் அந்த மனிதர் என்னதான் செய்துகொண்டிருந்தார்?

முதலில் அவர் வயதைச் சொல்லிவிடுகிறேன். சிலையையும் படத்தையும் பார்த்துப் பார்த்து, ஏதோ தாடி நரைத்த பெரியவர் என்றே நினைத்துக்கொள்கிறோம். கப்பல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது 1706 ஜூலை 9. மறுநாள் அவருக்கு 24 வயது. இன்றைக்கு எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடுகிற பையனின் வயது. கூட வந்த புளுட்சோ சில வயது மூத்தவர். இரண்டு பேருமே ஜெர்மன்காரர்கள். அனுப்பி வைத்தவர் டென்மார்க் ராஜா நான்காம் பிரெடெரிக்.

ராஜா அனுப்பினாரே தவிர, தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் வியாபாரக் கம்பெனிக்காரர்கள் இவர்களை விரும்பவில்லை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனியர் வாங்கிய சின்னத் துறைமுகம் அது. வியாபாரம்தான் அங்கே எல்லாம். இவர்கள் வந்து ஊர்ச் சனங்களிடம் மதம் பேசினால் தொழில் கெடும் என்று பயம். கரை இறங்கிய அன்று பகல் முழுக்கக் காக்க வைத்து, கடைசியில் கடைத்தெருவில் விட்டுவிட்டுப் போனார் கோட்டைத் தலைவர் ஹாசியுஸ். ராத்திரி எங்கே படுப்பது என்றுகூடத் தெரியாது.

சரி, அங்கிருந்து அவர் நேராகப் பிரசங்கத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனார். வயதான ஒரு வாத்தியாரைப் பிடித்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தாங்கள் தங்கியிருந்த வீட்டில் நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதுகிறார்கள். பக்கத்தில் இரண்டு வெள்ளைக்காரர்களும் சம்மணம் போட முடியாமல் உட்கார்ந்து அதே மணலில் எழுதுகிறார்கள். பிள்ளைகள் எவ்வளவு சிரித்திருக்கும்! எழுத்து சீக்கிரம் வந்துவிட்டது. ஆனால் துறைமுகங்களில் அப்போது புழங்கிய போர்த்துகீசியம் வாத்தியாருக்குத் தெரியாது, இவர்களுக்குத் தமிழ் தெரியாது. எழுத்தைக் கூட்டி வாசித்தாலும் அர்த்தம் சொல்ல ஆளில்லை. அப்புறம்தான் அழகப்பன் என்ற துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், வந்தார். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் பேசத் தெரிந்தவர்.

இப்போது அன்றாடத்துக்கு வருகிறேன். 1708-இல் எழுதிய ஒரு கடிதத்தில் தன் நாளை மணிக்கணக்காகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். காலை 7 முதல் 8 வரை, ஏற்கெனவே எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் ஒப்பிப்பது. 8 முதல் 12 வரை, அதுவரை படிக்காத தமிழ்ச் சுவடிகள் மட்டும். இதைத் தனியாகப் படிக்கவில்லை. ஒரு பக்கம் வயதான ஒரு புலவர், இன்னொரு பக்கம் ஒரு எழுத்தர். புதுச் சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். கடினமான செய்யுள் வந்தால் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் பிரித்துச் சொல்ல வேண்டும். சாப்பிடும்போதும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார். சாயங்காலம் 3 முதல் 5 வரை மறுபடியும் சுவடி. இரவு 7 முதல் 8 வரை கண்ணுக்கு ஓய்வு, காதுக்கு வேலை: வேறொருவர் வாசிக்க இவர் கேட்கிறார். அதிலும் ஒரு கணக்கு. பேச்சிலும் எழுத்திலும் தான் பின்பற்றக்கூடிய நடை யாருடையதோ, அவரைத்தான் அதிகம் வாசிக்கச் சொல்வாராம்.

கவனியுங்கள், நாளில் பெரும்பகுதி அவர் வாயைத் திறக்கவே இல்லை. பிரசங்கிக்க வந்த ஆள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் புலவர் ஒரு நாள் முகம் சுளித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

சுவடி கிடைப்பதும் லேசில்லை. ஆட்களை உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோன படிப்பாளிகளின் வீடுகளில் விதவைகளிடம் விலை பேசி வாங்கியிருக்கிறார். அந்த வீட்டுத் திண்ணையில் என்ன பேரம் நடந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது. ஆனால் 1708-இல் அவர் போட்ட பட்டியலில் 119 தமிழ் நூல்கள், ஒவ்வொன்றுக்கும் குறிப்போடு இருக்கின்றன. அதே ஆண்டில் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 'ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம்' என்று தொடங்குகிற உலக நீதியை அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ, அந்த அடியை அப்படியே கடைப்பிடித்த ஆள்.

அவரைச் சமய நல்லிணக்கத் தூதராக்கிவிட வேண்டாம். இந்த ஊர் மக்களின் தெய்வங்கள் பொய் என்றுதான் கடைசிவரைக்கும் நினைத்தார். அவர்களை மாற்றுவதற்காகவே வந்தார். ஆனால் மாற்ற நினைத்தவர்களைப் பற்றி அவர்கள் வாயாலேயே கேட்டார். கேள்விகள் எழுதி அனுப்பினார். ஊர்க்காரர்கள் பதில் கடிதம் எழுதினார்கள். 99 கடிதங்கள் ஜெர்மனியில் இவர்களை ஆதரித்தவர்கள் இருந்த ஹல்லே நகரத்துக்குப் போய் ஜெர்மனில் அச்சாயின. நம் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி அனுப்பிய பெரிய நூல் மட்டும் அச்சேறவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால் இவர் அதை நமக்கே எழுதி அனுப்புகிறாரே என்பது அங்கே இருந்தவர்களின் எரிச்சல். அது 1867-இல் சென்னையில்தான் அச்சானது. நீதி நூல்களின் மொழிபெயர்ப்புக்கு 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு நாளும் புத்தகமும் புலவருமாகப் போனது என்று நினைக்காதீர்கள். தரங்கம்பாடியில் கப்பல் கரை தொடாது. படகில்தான் எல்லாம் இறங்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த பணப்பெட்டி ஒருமுறை அப்படி இறக்கும்போது கடலில் போய்விட்டது. கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவரை கடன்தான். 1708 நவம்பரில், ஒரு விதவையின் வழக்கில் தலையிட்டார் என்று டேனிஷ் கோட்டையில் நாலு மாதம் அடைத்துப் போட்டார்கள். முதலில் பேனாவும் காகிதமும் கிடையாது. சுவடிக்காரருக்கு அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது? எப்படியோ எழுதுகருவி கையில் கிடைத்ததும் உள்ளேயே புத்தகம் எழுத ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் அவரை அதிகம் வருத்தியது இந்த ஊரும் இல்லை, வெயிலும் இல்லை. கோபன்ஹேகனிலிருந்து அவரை அனுப்பிய சபையின் செயலாளர் வெண்ட் எழுதிய கடிதம். அப்போஸ்தலர்கள் வீடும் கோயிலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்களா, நடந்து திரிந்தார்களே என்ற தொனியில் ஒரு கண்டனம். தஞ்சை ராஜாவின் அனுமதி இல்லாமல் ஐரோப்பியர் உள்நாட்டில் நடமாட முடியாது என்பது அங்கே மேஜையில் இருந்தவருக்கு எங்கே தெரியும்? 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை. 1719 பிப்ரவரி 23-இல் அவர் இறந்தார், வயது 36. அந்த ஆலயத்துக்குள்தான் அடக்கம்.

கல்லூரி மாணவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள், உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். 1714-இல் அவர் ஐரோப்பாவுக்குப் போனபோது மலையப்பன் என்ற தமிழர் கூடப் போனார். 1716-இல் ஹல்லேயில் அச்சான தமிழ் இலக்கண நூலுக்கு உதவியவர் அவர்தான். வெளிநாட்டுக்குப் போன இந்த இளைஞரும் காலையில் எழுந்து என்ன செய்தார், அந்தக் குளிரை எப்படித் தாங்கினார், அரிசிச் சோறு இல்லாமல் என்ன சாப்பிட்டார் என்று யாராவது தேடிப் பாருங்கள். தரங்கம்பாடிக் கடிதங்கள் ஹல்லேயில் ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன. கொஞ்சம் ஜெர்மன் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.