சக்குபந்தி எழுதாத தரவு: பொது ஆய்வு மையங்கள் திறந்த அறிவியல் கிளவுடில் ஏன் சேர வேண்டும்

[காட்சி: சித்தூர்–திருப்பதி நெடுஞ்சாலை, காலை நேரம். பேருந்தின் சன்னல் வழியே மாந்தோப்புகள்.]

குரல்: வணக்கம். சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் போகிறவர்கள் காதங்கி என்ற சிற்றூரைக் கடந்திருப்பார்கள். ஏறத்தாழ 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு திடலில் 1024 யாகி ஆன்டெனாக்கள் அங்கே நிறுத்தப்பட்டிருக்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை வானத்துக்கு அனுப்பி, காற்றடுக்குகளிலிருந்து திரும்பும் மிக மெல்லிய எதிரொலியைக் கொண்டு உயரத்துக்கு உயரம் காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடும் ரேடார் அது. பல அரசுத் துறைகள் சேர்ந்து செலவை ஏற்று, நாட்டின் ஆய்வாளர்கள் எல்லோருக்கும் பொதுவாக அமைத்த கருவி.

பொது ஆய்வு மையம் என்றால் இதுதான். ஒரு கல்லூரியால் தனியாக வாங்க முடியாத கருவியைப் பலரும் முறை வைத்துப் பயன்படுத்துகிறோம். ஆனால் கருவி பொதுவாக இருப்பதும், அதிலிருந்து வந்த தரவு பொதுவாக இருப்பதும் ஒன்றல்ல. 2015 நவம்பரில் நெல்லூர், திருப்பதி முதல் சென்னை வரை கொட்டிய மழையின்போது மேலே வீசிய காற்றை இனி எந்தக் கருவியாலும் மறுபடி அளக்க முடியாது. அன்று அளந்து வைத்த பதிவு மட்டுமே நமக்கு மிச்சம். அப்படிப்பட்ட பதிவை இருபது ஆண்டு கழித்து, வேறொரு நாட்டில் இருக்கும், நமக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் தேடிக் கண்டுபிடித்துத் திறந்து புரிந்துகொள்ள முடியுமா என்பதே இந்த வீடியோவின் கேள்வி.

[காட்சி: மேசைமேல் ஒரு பழைய பென் டிரைவ். பக்கத்தில் ஆய்வுக் குறிப்பேடு.]

குரல்: நான் சித்தூரில் வேதியியல் கற்பிப்பவன். என் மாணவி ஒருவர் தோத்தாபுரி மாங்கொட்டையிலிருந்து மாவுச்சத்தைப் பிரித்தெடுத்து, ஒரு பொதுக் கருவி மையத்தில் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு அளவீடு, அதாவது பொருளில் பட்ட எக்ஸ் கதிர் எந்தெந்தக் கோணத்தில் சிதறுகிறது என்ற அளவீடு செய்து, கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, பாதிக் கோப்புகள் அந்த மையத்தின் கணினியில் மட்டுமே திறக்கக்கூடிய வடிவத்தில் இருந்தன. திறந்த பாதியில் எண்கள் இருந்தன. எந்த அலைநீளத்தில் அளந்தது என்ற குறிப்பு இல்லை. தாமிரத்திலிருந்து எக்ஸ் கதிர் எடுக்கும் குழாயில் அளந்தால் 17 டிகிரிக்கு அருகில் தெரியும் முகடு, வேறு அலைநீளத்தில் வேறு கோணத்துக்கு நகர்ந்துவிடும். ஆகவே அலைநீளம் தெரியாத அந்த எண்களை வேறு எந்த அளவீட்டோடும் ஒப்பிட வழியில்லாமல் போயிற்று. நான்கு மாத உழைப்பு அது. கேட்காமல் விட்டதில் என் பொறுப்பும் உண்டு என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

[காட்சி: மஞ்சளேறிய கிரயப் பத்திரம்; தமிழ்க் கையெழுத்து.]

குரல்: எங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. நாங்கள் வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசுகிறவர்கள். பத்திரம் தமிழில் இருக்கிறது. அது எழுதப்பட்ட பிறகு மாநில எல்லை வகுக்கப்பட்டது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. எங்கள் ஊர் ஆந்திரப் பக்கம் நின்றது. அலுவலக மொழியும் மாறியது. ஆனாலும் அந்தப் பத்திரம் செல்லுபடியாகிறது. காரணம், அதில் சர்வே எண் இருக்கிறது, சக்குபந்தி இருக்கிறது, அதாவது கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த வாய்க்கால் என்று நான்கெல்லையும் எழுதியிருக்கிறது. தரவுக்கு மெட்டாடேட்டா என்பது இந்தச் சக்குபந்திதான். எந்தக் கருவி, எந்த நாள், எந்த அலைநீளம், எந்த சாம்பிள், யார் அளந்தார், யார் பயன்படுத்தலாம் என்ற விவரம் கூடவே இருந்தால்தான் எல்லைகள் மாறினாலும் தரவு நிலைக்கும்.

2016இல் வெளியான ஃபேர் கோட்பாடுகள் இதைத்தான் நான்கு சொற்களில் கேட்கின்றன: தரவு கண்டடையத்தக்கதாக, அணுகத்தக்கதாக, பிறவற்றோடு இணைந்து இயங்கத்தக்கதாக, மறுபடி பயன்படத்தக்கதாக இருக்க வேண்டும். அந்தக் கோட்பாடுகளின்மேல் ஐரோப்பிய நாடுகள் கட்டிவரும் வலையமைப்பே ஐரோப்பியத் திறந்த அறிவியல் கிளவுட். 2018 நவம்பரில் வியன்னாவில் அது தொடங்கிவைக்கப்பட்டது. பெயரைக் கேட்டு ஒரே பெரிய சர்வர் என்று நினைத்துவிட வேண்டாம். தரவு அந்தந்த மையத்திலேயே இருக்கலாம். பொதுவாக இருப்பவை தேடும் வழியும், நுழையும் முறையும், விவரம் எழுதும் ஒழுங்குமே.

[காட்சி: கிரெனோபிள் நகரில் வட்ட வடிவச் சிங்க்ரோட்ரான் கட்டடம்.]

குரல்: இதில் சேர்ந்த மையங்களுக்கு என்ன கிடைத்தது? சிங்க்ரோட்ரான் என்பது எலக்ட்ரான்களை வட்டப் பாதையில் ஓடவிட்டு மிகச் செறிவான எக்ஸ் கதிரைப் பெறும் பெரிய கருவி. பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஐரோப்பியச் சிங்க்ரோட்ரான், கிளவுட் தொடங்குவதற்கு முன்பே, 2015இல் ஒரு தரவுக் கொள்கையை ஏற்றது. முதல் மூன்று ஆண்டு சோதனை செய்தவர் மட்டுமே தரவைப் பயன்படுத்தலாம். அதன் பிறகு தரவு எல்லோருக்கும். முதலில் உழைத்தவரின் கண்டுபிடிப்பை வேறொருவர் முந்திக்கொள்வார் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு இந்தக் காத்திருப்புக் காலம் நேர்மையான விடை என்றே கருதுகிறேன். நோயாளிகளின் விவரம் போன்றவை திறக்கப்படாமலே இருக்க வேண்டும், அதற்கும் இடமுண்டு.

2018 முதல் 2022 வரை அந்தச் சிங்க்ரோட்ரானின் தலைமையில் ஆறு பெரிய ஆய்வு நிலையங்கள், அந்தக் கிளவுடில் இணைவதற்கான பனோஸ்க் என்ற திட்டத்தில் கைகோத்தன. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கிரெனோபிளின் நியூட்ரான் நிலையம், பயனர் தன் ஊரிலிருந்தே பிரவுசரில் உள்நுழைந்து, தரவு இருக்கும் இடத்திலேயே பகுப்பாய்வு செய்யும்படி வீசா என்ற மென்பொருளை உருவாக்கியிருந்தது. மற்ற நிலையங்கள் ஆளுக்கு ஒன்றைப் புதிதாக எழுதாமல் அதையே எடுத்துக்கொண்டன. கொரோனா காலத்தில் பயணம் நின்றபோது, இத்தகைய ஏற்பாடு இருந்ததால் தொலைவிலிருந்தே வேலை நடந்தது. ஹார்டு டிஸ்கை மடியில் வைத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் ஊர் திரும்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உள்நுழைவைப் பொறுத்தவரை, சொந்தக் கல்வி நிறுவனமே பயனருக்குச் சான்று கொடுக்கிறது. இந்தியாவில் இன்ஃபெட் கூட்டமைப்பு இதே வேலையைச் செய்கிறது.

மையத்தின் மேலாளருக்கு இன்னொரு பயனும் உண்டு. ஏ.எம்.சி., அதாவது கருவியின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், புதுப்பிக்கப் பணம் கேட்கும்போது, கருவி எத்தனை மணி நேரம் ஓடியது என்ற லாக் புத்தகத்தைத்தான் இன்று பலரால் காட்ட முடிகிறது. ஒவ்வொரு தரவுத் தொகுப்புக்கும் டி.ஓ.ஐ. எனும் நிலையான அடையாள எண் இருந்தால், அதை யார் யார் மறுபடி பயன்படுத்தினார்கள், எந்தக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் காட்டலாம். புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கி 1971இல் ஏழு மூலக்கூறு அமைப்புகளோடு தொடங்கியது. உலகின் சிங்க்ரோட்ரான்களில் அளக்கப்பட்டவையும் சேர்ந்து பல்லாண்டுகளாகக் குவிந்த அந்தத் திறந்த சேமிப்பில் பயின்றுதான், புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டு உருவானது. 2024இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி அதற்குப் போனது. அந்த அளவீடுகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு பயன்பாட்டை மனத்தில் வைத்து அளந்திருக்க மாட்டார்கள்.

செலவு இல்லாமல் இல்லை. விவரம் எழுத ஓர் ஆள் வேண்டும், சேமிப்பு வேண்டும், வேகமான இணைப்பு வேண்டும். நம் நாட்டில் கல்வி, ஆய்வு நிறுவனங்களை வேகமான இணைப்பில் சேர்க்கும் தேசிய அறிவு வலையமைப்பு இருக்கிறது. 2020 ஜனவரியில் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளத்தில் கருவிகளைத் தேடி முன்பதிவு செய்ய முடிகிறது. அதே தளத்தைப் பார்க்கும் பழக்கம், அளந்து முடிந்த தரவைத் தேடுவதற்கும் வர வேண்டும். எந்த வலையமைப்பிலும் சேரும் நாளுக்காகக் காத்திராமல், விவரம் எழுதும் வேலையை எந்தச் சிறு மையமும் இன்றே தொடங்கலாம்.

[காட்சி: கணினித் திரையில் ஒரு படிவம். மாணவி நிரப்புகிறார்.]

குரல்: அந்த மாணவி இந்த ஆண்டு அளவீட்டை முதலிலிருந்து மறுபடி செய்தார். ஒவ்வொரு கோப்போடும் இப்போது இந்த வரிகள் போகின்றன. சாம்பிள்: தோத்தாபுரி மாங்கொட்டை மாவுச்சத்து. வாங்கிய இடம்: பங்காருபாளையம் சந்தை. கதிர் மூலம்: தாமிரம். அலைநீளம்: 1.5406 ஆங்ஸ்ட்ராம். கோப்பு வடிவம்: எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய உரை. யார் பயன்படுத்தலாம்: மூன்று ஆண்டுக்குப் பின் யாரும்.