ரியல் எஸ்டேட் டீம்: முதல் ஆள் யாரு, கமிஷன் யாருக்கு எவ்வளவு, லீட் யாரோடது

எல்லாருக்கும் வணக்கம். தனியா ஏஜென்ட்டா ஓடிட்டு இருக்கீங்க, போன் நிக்காம அடிக்குது, பாதி காலுக்குத் திரும்பக் கூப்பிட முடியல. சரி, டீம் போட்டுடலாம்னு முடிவு பண்றீங்க. இந்த இடத்துல பெரும்பாலானவங்க என்ன செய்வாங்கன்னா, நல்லா பேசுற ரெண்டு பேரைச் சேர்த்து சைட் விசிட்டுக்கு அனுப்ப ஆரம்பிச்சிடுவாங்க. வரிசை அங்கேயே தப்பிப் போயிடுது. முதல்ல எடுக்க வேண்டியது ஆபீஸ் வேலை பார்க்கிற ஆளை.

ஏன்னு கேட்டா, ஒரு டீல்ல விற்கிற வேலை கொஞ்சம்தான். போட்டோ எடுக்க ஏற்பாடு, விளம்பரம் எழுதிப் போடுறது, டாக்குமெண்ட் நகல் வாங்குறது, லோன் எந்தத் தேதிக்குள்ள வரணும், ஒப்பந்தப்படி பணம் என்னைக்குக் கட்டணும், சாவி எப்போ கைமாறணும், இதெல்லாம் துரத்துற வேலை. விற்கிறதுக்கு ரெண்டு பேர் புதுசா வந்தா இந்த வேலை மூணு மடங்காகும். அதைப் பார்க்கப் போறதும் நீங்கதான். டீம் போட்டதுக்கு அப்புறம் வருமானம் குறையுதேன்னு புலம்புறவங்க பலபேர் இங்கதான் மாட்டிக்கிட்டு இருப்பாங்க.

உங்களுக்கு இப்ப ஆள் தேவையான்னு தெரியணுமா? ஒரு வாரம், அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்ன செஞ்சீங்கன்னு எழுதி வைங்க. வாரக் கடைசில, நீங்க இல்லாமலே நடந்திருக்கக்கூடியதை எல்லாம் வட்டம் போடுங்க. 15 மணி நேரத்தைத் தாண்டுச்சுன்னா பகுதி நேர ஆள் எடுக்கலாம். 30 தாண்டினா முழு நேரம். ஒரு எச்சரிக்கை: அந்த ஆள் விலை பேசக்கூடாது, சொத்தைப் பத்தி ஆலோசனை சொல்லக்கூடாது. நிறைய இடங்கள்ல லைசென்ஸ் இல்லாம அதைச் செய்யறது சட்டப்படி தப்பு. உங்க ஊர் விதி என்னன்னு முதல்லயே பார்த்துடுங்க.

ரெண்டாவதா, வாங்குறவங்க பக்கம் பார்க்கிற ஏஜென்ட். ஓனர் பக்கத்தை உங்க கையிலயே வச்சுக்கோங்க. காரணம் சுலபம். ஒரு பார்ட்டிக்கு எட்டு பத்து வீடு காட்டி அலையறதுல போற நேரம் அதிகம். ஓனர் லிஸ்டிங் கொடுக்கிறது, அதாவது வீட்டை வித்துக் கொடுங்கன்னு ஒப்படைக்கிறது, உங்க பேரைப் பார்த்து. ஒரு லிஸ்டிங் கையில இருந்தா அதைக் கேட்டு வர்ற கால்கள் அந்த ஏஜென்ட்டுக்கு வேலையாகும். அதுக்கு அடுத்துதான் போன்ல மட்டும் பேசி அப்பாயின்ட்மென்ட் போடுற ஆள், டீல் பேப்பருக்குன்னு தனி ஆள் எல்லாம்.

இப்ப கமிஷன். கொஞ்சம் நிதானமா கேளுங்க, டீம் உடையறது பெரும்பாலும் இங்கதான்.

ஒரு டீல்ல வர்ற மொத்த கமிஷன் 100னு வைங்க. லீட், அதாவது வீடு வேணும்னு விசாரிச்சு வர்ற ஆள், ஒரு போர்ட்டல்ல (வீட்டு விளம்பர வெப்சைட்) இருந்து வந்தது, அந்த போர்ட்டல் 25 எடுத்துக்குது. ஏஜென்ட்டுக்கு 50 சதவீதம்னு பேசியிருக்கீங்க. எதுல 50 சதவீதம்? மீதி 75ல பாதின்னா அவருக்கு 37.5, உங்களுக்கு 37.5. விளம்பரம், சாஃப்ட்வேர், ஆபீஸ் ஆள் சம்பளம் எல்லாம் டீலுக்கு 30னு வந்தா உங்க கையில 7.5 நிக்கும். ஆனா அவர் 100ல பாதின்னு நினைச்சுட்டு இருந்தா? 50 அவருக்கு, 25 போர்ட்டலுக்கு, மிச்சம் 25, செலவு 30. டீல் முடிச்ச மகிழ்ச்சியோட 5 நஷ்டம். அதனால ஒப்பந்தத்துல வெறும் சதவீதத்தை எழுதாதீங்க. எதெதைக் கழிச்சதுக்கு அப்புறம் அந்தச் சதவீதம்னு எழுதி, பக்கத்துலயே இந்த மாதிரி ஒரு கணக்கையும் போட்டுக் காட்டுங்க.

இன்னொண்ணு, லீட் எங்க இருந்து வந்ததோ அதைப் பொறுத்து பங்கு மாறணும். டீம் காசு போட்டுக் கொண்டுவந்த லீட்னா பாதிக்குப் பாதி நியாயம். ஏஜென்ட் தன் சொந்தப் பழக்கத்துல கொண்டுவந்த பார்ட்டின்னா அவருக்கு 70 வரைக்கும் போகலாம். எல்லாத்துக்கும் ஒரே பங்குன்னு வச்சா, சொந்த லீட்டை உங்ககிட்ட காட்டாமலே வெளியில முடிச்சுடுவாங்க. ஆரம்பத்துல ஆளைப் பிடிக்கணும்னு எல்லா லீட்டுக்கும் 70, 80ன்னு வாய் விட்டுடாதீங்க. பின்னாடி குறைக்கவே முடியாது.

லீட் பிரிக்கிறதுக்கு வருவோம். "யார் முதல்ல எடுக்கிறாங்களோ அவங்களுக்கு"ன்னு விட்டா, போனையே பார்த்துட்டு இருக்கிறவர் குவிச்சு வச்சுக்குவார், ஃபாலோ-அப் நடக்காது. வரிசையா ஆளுக்கு ஒண்ணுன்னு கொடுங்க, கூடவே நேரக் கெடு வைங்க: 5 நிமிஷத்துல கூப்பிடலைன்னா அடுத்தவருக்குப் போயிடும். விசாரிக்கிறவர் ஒரே நேரத்துல நாலு பேருக்கு மெசேஜ் போட்டிருப்பார், முதல்ல பேசினவர்கிட்டதான் பேச்சு ஒட்டும். 14 நாள் எந்தக் குறிப்பும் பதியாத லீட்டைத் திரும்ப எடுத்து வேற ஆள்கிட்ட கொடுங்க. இந்த விதியை எல்லாம் முதல் ஏஜென்ட் உள்ள வர்றதுக்கு முன்னாடியே எழுதி வைங்க. சண்டை வந்த பிறகு எழுதினா, எந்த வரி யாருக்குச் சாதகம்னு அதையே பேசிட்டு இருப்பாங்க.

ஒருத்தருக்கு எத்தனை லீட் கொடுக்கலாம்? ஒரு லீட்டுக்கு முதல் மாசம் 8 தடவையாவது கூப்பிடணும்னு வைங்க. 60 லீட்னா 480 கால். 24 வேலை நாள்னு எடுத்தா ஒரு நாளைக்கு 20. அதோட பழைய லீட், சைட் விசிட், பேச்சுவார்த்தை. இதுக்கு மேல கொடுத்தா எடுத்த உடனே சிரிச்சுப் பேசுற பார்ட்டியை மட்டும் பிடிச்சுக்கிட்டு மீதியை விட்டுடுவாங்க. அப்புறம் "லீட் குவாலிட்டி சரியில்ல"ன்னு சொல்லுவாங்க. உடனே நம்பாதீங்க, கால் பதிவைத் திறந்து பாருங்க.

வாரம் ஒரு மீட்டிங் போதும். எத்தனை கால், எத்தனை பேர் எடுத்துப் பேசினாங்க, எத்தனை சைட் விசிட், எத்தனை ஆஃபர் (வாங்குறவர் இந்த விலைக்கு எடுத்துக்கிறேன்னு சொல்றது), எத்தனை முடிஞ்சது. இந்த அஞ்சு எண்ணை ஆள்வாரியா வரிசையா எழுதினா ஒழுகுற இடம் தெரியும். கால் நிறைய, பேசினது கம்மின்னா கூப்பிடுற நேரம் தப்பு. சைட் விசிட் நிறைய, ஆஃபர் இல்லைன்னா பட்ஜெட், லோன் தகுதி ரெண்டையும் கேட்காமலே கூட்டிட்டுப் போறார். ஆஃபர் வந்து உடையுதுன்னா பெரும்பாலும் டாக்குமெண்ட்டைத் தாமதமா பார்க்கிறீங்க.

புது ஏஜென்ட்டோட முதல் கமிஷன் வர மூணு நாலு மாசம் ஆகிடும். லீட் முத்த ஒரு மாசம், பேசி முடிக்க ஒரு மாசம், லோனும் பேப்பரும் முடிய இன்னும் ஒண்ணு ரெண்டு. அவருக்கும் கையிருப்பு வேணும், உங்களுக்கும் வேணும். ஆறு மாச ஆபீஸ் செலவு கையில இல்லாம டீம் ஆரம்பிக்கிறது ஆழம் தெரியாம காலை விடுறதுதான்.

பலர் யோசிக்காத ஒரு சிக்கல் இருக்கு: ஒரே டீம்ல ஒருத்தர் ஓனர் பக்கம், இன்னொருத்தர் வாங்குறவர் பக்கம். ஓனர் எவ்வளவுக்கு இறங்குவார்ங்கிற குறிப்பு பொது சாஃப்ட்வேர்ல இருந்தா, வாங்குற பக்க ஏஜென்ட்டும் அதைப் படிப்பார். அந்தக் குறிப்பை லிஸ்டிங் பார்க்கிறவருக்கு மட்டும் தெரியுற மாதிரி பூட்டி வைங்க. ரெண்டு பக்கத்துக்கும் எழுத்துல தெரிவிச்சு சம்மதம் வாங்குங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஏஜென்ட் இருக்கிறதையே சில நாடுகள் தடை பண்ணியிருக்கு.

கடைசியா, ஒருத்தர் விலகினா என்ன? சேரும்போதே அவர் சொந்தத் தொடர்புகளைப் பட்டியலா வாங்கி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. போகும்போது அது அவரோடது. டீம் கொடுத்த லீட் டீமோடது. ஒப்பந்தம் கையெழுத்தான டீலுக்கு முழுப் பங்கு, ஆனா முடிச்சுக் கொடுக்கிற வேலை இன்னொருத்தர் பார்த்தா அதுக்கு 20 சதவீதம்னு கழிக்கலாம். சைட் விசிட் வரைக்கும் வந்து 60 நாளுக்குள்ள முடிஞ்சதுக்குப் பாதிப் பங்கு. வெறும் லீட்டா நின்னதுக்கு ஒண்ணும் கிடையாது. சாஃப்ட்வேர் கணக்கும் விளம்பரத்துல போற போன் நம்பரும் டீம் பேர்ல இருக்கணும். நம்பர் அவர் பேர்ல இருந்தா, போர்டுல பார்த்துக் கூப்பிடுறவங்க எல்லாம் அவர் போனுக்குத்தான் போவாங்க. கேள்வி இருந்தா கமென்ட்ல கேளுங்க.