வெள்ளை மின்னாமல் டார்க் மோடை நினைவில் வைப்பது

(திரையில்: இருட்டறையில் ஒரு கைபேசி. பக்கம் கணநேரம் வெள்ளையாக மின்னிக் கறுப்பாகிறது.)

இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படிப்பவரின் கண்ணை இந்த ஒரு மின்னல் கூச வைத்துவிடும். நேற்றே அவர் டார்க் மோடைத் தேர்ந்தெடுத்தார். தளமும் அதைச் சேமித்து வைத்திருக்கிறது. ஆனால் சேமித்ததை எடுத்துப் பார்ப்பதற்குள் பிரவுசர் பக்கத்தை வரைந்துவிட்டது.

சேமிப்பது எளிது. பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் தரும் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் 'தீம்' என்ற பெயருக்கு எதிரே 'டார்க்' என்று எழுதினால், பிரவுசரை மூடித் திறந்த பிறகும் அது அங்கேயே இருக்கும். அதை எப்போது படிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

(திரையில்: ஹெட் பகுதி பெரிதாகிறது.)

சேமித்ததைப் படிக்கும் நான்கைந்து வரி ஜாவாஸ்கிரிப்டை, பிரவுசர் முதலில் படிக்கும் ஹெட் பகுதியிலேயே, நிறங்களைச் சொல்லும் ஸ்டைல்ஷீட்டுக்கும் முன்பாக, நேரடியாக எழுதிவிட வேண்டும். தனிக் கோப்பாக்கி, பக்கத்தைப் படித்து முடித்த பிறகே அதை இயக்கச் சொல்லும் டிஃபர் சேர்த்தால் மின்னல் திரும்பிவிடும். அந்த வரிகள் ஓடும் நேரத்தில் பக்கத்தின் உள்ளடக்கமான பாடி பகுதி உருவாகியிருக்காது என்பதால், தீமின் பெயரை எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கும் எச்டிஎம்எல் டேகிலேயே பதிக்க வேண்டும். சில அமைப்புகளில் ஸ்டோரேஜைத் தொட்டாலே பிழை எழும். ஆகவே அந்த வரிகளை, பிழையைப் பிடித்துக்கொள்ளும் ட்ரை-கேட்சுக்குள் வையுங்கள். சிஎஸ்எஸ்ஸில் கலர்-ஸ்கீம் பண்பையும் டார்க் என்று அமைத்தால்தான் ஸ்க்ரோல்பாரும் படிவக் கட்டங்களும் வெள்ளையாகத் துருத்தி நிற்காது.

எதையும் தேர்ந்தெடுக்காதவருக்கு அவருடைய கருவியின் அமைப்பே வழிகாட்டி. அந்த அமைப்பு என்னவென்று கேட்டறியும் பிரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம் என்ற மீடியா குவெரியை சஃபாரி, ஃபயர்பாக்ஸ், குரோம் மூன்றும் 2019இல் ஏற்றுக்கொண்டன. இங்கே பலரும் செய்யும் பிழை, கருவி சொன்னதையே பார்வையாளரின் விருப்பமாகச் சேமித்துவிடுவது. அப்படிச் செய்தால், மாலையில் தானே இருண்டு காலையில் வெளுக்கும்படி கைபேசியை அமைத்தவருக்கு நம் தளம் மட்டும் முதல் நாள் பார்த்த நிறத்திலேயே உறைந்து நிற்கும். என்னைக் கேட்டால், பொத்தானில் 'வெளிர்', 'இருள்' ஆகியவற்றோடு 'கருவியின்படி' என்ற மூன்றாவது நிலையும் கட்டாயம் வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்ததும் சேமித்த பதிவை அழித்துவிட வேண்டும்.

(திரையில்: சஃபாரியில் காலியான ஸ்டோரேஜ்.)

சஃபாரியில் இன்னொரு சிக்கல் உண்டு. பிரவுசரைப் பயன்படுத்திய நாட்களில் ஏழு நாள் நம் தளத்தைப் பார்வையாளர் தொடாவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் எழுதிய லோக்கல் ஸ்டோரேஜை 2020 முதல் அது அழித்துவிடுகிறது. மாதம் ஒருமுறை வருபவரின் விருப்பமும் நிலைக்க வேண்டுமானால், பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் சிறு பதிவான குக்கீ ஒன்றை சர்வரே ஓராண்டுக் காலக்கெடுவுடன் வைக்கலாம். அடுத்த முறை அந்தக் குக்கீ கோரிக்கையோடு சேர்ந்து வருவதால், தீமின் பெயரைப் பதித்தே சர்வர் எச்டிஎம்எல்லை அனுப்பும். பக்கம் முதல் கணத்திலேயே இருளாக விரியும்.