எதிரி ஏற்றிய சரக்கில் ராக்ஃபெல்லருக்குப் பங்கு! ஓடாத ரயிலை வைத்து 22 ஆலைகளை வாங்கிய கதை

வணக்கம். நீங்கள் ஓர் எண்ணெய் வியாபாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த் தெருவில் உங்களுக்குப் போட்டியாக இன்னொருவர் இருக்கிறார். அவர் தம் சரக்கை ரயிலில் ஏற்றி, முழுக் கட்டணத்தையும் செலுத்திவிட்டுப் போகிறார். ரயில் கம்பெனிக்காரர் அந்தப் பணத்தில் பாதியை எண்ணி எடுத்து, உங்கள் வீடு தேடி வந்து கொடுக்கிறார். நீங்கள் சுட்டுவிரலைக்கூட அசைக்கவில்லை. போட்டியாளர் எவ்வளவு விற்கிறாரோ அவ்வளவுக்கு உங்கள் கல்லாப்பெட்டி நிறைகிறது. இது கற்பனை அன்று. 1872-இல் அமெரிக்காவின் மூன்று பெரிய ரயில் கம்பெனிகள் இப்படியொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இதைவிட வியப்பான செய்தி ஒன்று இருக்கிறது: அந்த ஒப்பந்தத்தின்படி ஒரு பீப்பாய்கூடக் கடைசிவரை ஏற்றப்படவில்லை. ஆனாலும் அதைக் கொண்டே ஒரு மனிதர் ஒரு நகரத்தின் எண்ணெய்த் தொழிலை வாங்கி முடித்துவிட்டார்.

(திரையில்: கிளீவ்லாந்து நகரத்தின் பழைய வரைபடம்)

முன்கதையை வேகமாகக் கடந்துவிடுவோம். ஜான் டி. ராக்ஃபெல்லர் 1839-இல் பிறந்தார். 16 வயதில் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் உதவிக் கணக்கராக வேலைக்குச் சேர்ந்தார். 1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. 1863-இல் அவர் சுத்திகரிப்புத் தொழிலில் இறங்கினார். 1870-இல் 10 லட்சம் டாலர் முதலீட்டில் அவருடைய ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் உருவானது. அவ்வளவுதான்.

இனிக் கவனியுங்கள். ஊரே கிணறு தோண்ட ஓடியபோது இவர் தோண்டப் போகவில்லை. கிணற்றில் எண்ணெய் வருமா, வராதா என்பது சூதாட்டம். ஆனால் யார் கிணற்றில் வந்தாலும் அது சுத்திகரிக்கப்பட வேண்டும், பிறகு ரயிலேறி நியூயார்க் போக வேண்டும். ஆகவே அவர் தம் கணக்குப் புத்தகத்தில் கூர்ந்து பார்த்தது ரயில் கட்டணம் என்ற ஒரே வரியைத்தான்.

அவருக்கு ரயில்காரர்கள் தள்ளுபடி கொடுத்ததற்கு நேர்மையான காரணம் ஒன்றும் இருந்தது. நாள்தோறும் 60 வண்டிப் பெட்டி எண்ணெய் தருவதாக லேக் ஷோர் ரயில் கம்பெனிக்கு அவர் உறுதி கொடுத்தார். பல ஊர்களில் நின்று, பலருடைய சரக்கைக் கலந்து ஏற்றிய காலத்தில் நியூயார்க் போய்த் திரும்ப ஏறக்குறைய 30 நாள் ஆனது. முழு ரயிலும் எண்ணெயாகவே ஓடியபோது 10 நாளில் முடிந்தது. மொத்தமாக எடுப்பவருக்கு விலையைக் குறைப்பது எந்தச் சந்தையிலும் உள்ள வழக்கம்தான். இதுவரை அவர்மேல் எனக்குப் புகார் இல்லை.

புகார் 1872-இல் தொடங்குகிறது. பென்சில்வேனியா, ஈரி, நியூயார்க் சென்ட்ரல் ஆகிய மூன்று ரயில் கம்பெனிகளும் ஒன்றையொன்று வெட்டிக் கட்டணத்தைக் குறைத்து நொந்துபோயிருந்தன. சண்டையை நிறுத்திச் சரக்கைத் தமக்குள் 45, 27.5, 27.5 சதவீதம் என்று பங்கிட அவை முடிவு செய்தன. அந்தப் பங்கீடு பிசகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்ற பெயரில் ராக்ஃபெல்லரும் வேறு சில ஆலை முதலாளிகளும் சேர்ந்த கூட்டணிக்குத் தரப்பட்டது. அதற்குக் கூலி என்ன தெரியுமா? எண்ணெய் வயல்களிலிருந்து கிளீவ்லாந்துக்குப் பீப்பாய்க்கு 80 சென்ட் கட்டணம். கூட்டணியில் இருப்பவருக்கு அதில் 40 சென்ட் திரும்பி வரும். வெளியே இருக்கும் ஆலைக்காரர் 80 சென்ட்டையும் கட்டுவார். அவருடைய 40 சென்ட்டும் கூட்டணிக்கே வரும். போதாக்குறைக்கு, யார் எவ்வளவு சரக்கை எங்கே அனுப்பினார் என்ற விவரமும் ரயில் அலுவலகத்திலிருந்து கூட்டணிக்கு வந்துவிடும். போட்டியாளர் தம்மைத் தாக்கும் கத்தியைத் தாமே விலை கொடுத்து வாங்கி, இன்னாரைத் தாக்கலாம் என்று முகவரியும் எழுதித் தந்ததுபோல!

செய்தி கசிந்தது. டைட்டஸ்வில்லில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். கிணற்றுக்காரர்கள் இந்தக் கூட்டணிக்குக் கச்சா எண்ணெய் விற்க மறுத்தனர். ஏப்ரலுக்குள் ரயில் கம்பெனிகள் பின்வாங்கின, பென்சில்வேனியச் சட்டமன்றம் கூட்டணியின் உரிமத்தையே நீக்கியது. மக்கள் வென்றார்கள் என்று நினைக்கிறீர்களா? இடைப்பட்ட நாட்களில், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிக்குள், கிளீவ்லாந்தில் தமக்குப் போட்டியாக இருந்த 26 ஆலைகளில் 22-ஐ ராக்ஃபெல்லர் வாங்கி முடித்திருந்தார். அச்சம் விலையைப் பேசி முடித்துவிட்டது. திட்டம் நடைமுறைக்கு வர வேண்டிய தேவையே ஏற்படவில்லை. என் கருத்தில் அமெரிக்க வணிக வரலாற்றின் மிகத் திறமையான மிரட்டல் இதுதான்.

சரி, அது ஓடாத ரயில். ஓடிய ரயிலும் உண்டு. 1885-இல் மேரியட்டா ஊரின் ஜார்ஜ் ரைஸ் என்ற சிறு ஆலைக்காரரிடம் ஒரு ரயில் கம்பெனி பீப்பாய்க்கு 35 சென்ட் வாங்கியது. ஸ்டாண்டர்டிடம் 10 சென்ட்தான். அந்த 25 சென்ட் வேறுபாடு எங்கே போனது? ஸ்டாண்டர்டுக்கே. விவகாரம் நீதிமன்றம் போனபோது அந்தத் தொகை சில நூறு டாலர்களே என்று தெரிந்தது. நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கையில் வைத்திருந்த நிறுவனம், ஒரு சிறு வியாபாரியின் 25 சென்ட்டையும் விடவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லாவிட்டால் கமெண்ட்டில் என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். 1870-இல் காலன் 26 சென்ட்டாக இருந்த மண்ணெண்ணெய் 1885 அளவில் 8 சென்ட்டுக்கு வந்தது. ஏழை வீட்டிலும் இரவில் விளக்கு எரிந்தது. ஏற்றுமதிக்கான 5 காலன் தகர டின்னை மூட எத்தனை ஈயத்துளி வைக்கிறீர்கள் என்று ராக்ஃபெல்லர் ஒருமுறை கேட்டாராம். 40 என்றார்கள். 38 வைத்துப் பாருங்கள் என்றார். சில டின்கள் ஒழுகின. 39 வைத்தபோது ஒன்றும் ஒழுகவில்லை. அன்றிலிருந்து 39-தான்! இந்தியாவுக்கும் அமெரிக்க மண்ணெண்ணெய் அத்தகைய டின்களில்தான் வந்து இறங்கியது. சிக்கனம் அவருடைய உண்மையான திறமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 40-ஆம் துளியை விட்டதில் மிஞ்சிய காசும் ஜார்ஜ் ரைஸின் 25 சென்ட்டும் ஒரே பெட்டியில் விழுந்தன. எந்தக் காசு எதனால் வந்தது என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாமல் போனதுதான் அந்தக் காலத்து அமெரிக்காவின் சிக்கல்.

அதைப் பிரித்துக் காட்டியவர் பத்திரிகையாளர் ஐடா டார்பெல். 1872-இல் எண்ணெய் வயல் பகுதியில் அந்தப் போராட்டத்தைச் சிறுமியாகப் பார்த்தவர், 1902-இல் மெக்ளூர்ஸ் இதழில் ஆவணங்களோடு தொடர் எழுதத் தொடங்கினார். 1907-இல் நீதிபதி லாண்டிஸ், சட்டவிரோதக் கட்டணச் சலுகையில் சென்ற 1,462 வண்டிப் பெட்டிகளுக்குப் பெட்டி ஒன்றுக்கு 20,000 டாலர் வீதம் 2 கோடியே 92 லட்சத்து 40 ஆயிரம் டாலர் அபராதம் விதித்தார். கோல்ஃப் மைதானத்தில் இருந்த ராக்ஃபெல்லர், அபராதம் கட்டப்படும் முன் நீதிபதியின் ஆயுளே முடிந்துவிடும் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். மறு ஆண்டே மேல்முறையீட்டில் அபராதம் ரத்தாயிற்று.

1911 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டை 34 கம்பெனிகளாக உடைத்தது. உடைந்த துண்டுகளின் பங்கு விலை ஏறியது. உடைக்கப்பட்டதால் அவர் மேலும் பணக்காரர் ஆனார். அத்துண்டுகளில் இரண்டு எக்ஸான், மொபில் என்று வளர்ந்து 1999-இல் மீண்டும் ஒன்று சேர்ந்தன.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. 1872-இல் ஆலையை விற்றவர்களிடம் ராக்ஃபெல்லர் பணம் வேண்டுமா, ஸ்டாண்டர்ட் பங்கு வேண்டுமா என்று கேட்டார். பங்கையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரையும் சொன்னார். அவரை நம்பாத பலர் பணத்தை வாங்கிக்கொண்டு, ஆயுள் முழுவதும் அவரைத் திட்டினார்கள். நம்பியவர்கள் செல்வந்தர்கள் ஆனார்கள். அந்த மேசையில், ஆலைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தால் எதைக் கேட்டிருப்பீர்கள்? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.