ஐஸைக் குறைத்து அனுப்பிவிட்டு சிராங்கைக் கேட்கலாமா?

நடுவர் அவர்களுக்கும், என் அணிக்கும், நான் வாய் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணிக்கும், மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களுக்கும், நீரோடியைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து நடந்தே வந்திருக்கும் பொழியூர்க்காரர்களுக்கும் வணக்கம்.

"கேரளா பிளாஸ்டர்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தால் மேனேஜரை மாற்ற வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா?" கொச்சியின் கால்பந்து அணியைப் பற்றிய இதுதான் ஐயா இன்றைய தலைப்பு. வீட்டில் நான் இதைச் சத்தமாகப் படித்ததும் என் மாமியார் பதறிப்போய், "எந்த மேனேஜரை மாற்றுகிறார்கள்? என் வளையலைத் திருப்புகிற வரைக்கும் அவர் இருக்கட்டும்" என்றார். அவருக்கு மேனேஜர் என்றால் பாங்க் மேனேஜர்தான். எப்படியோ, அவர் ஓட்டு எங்கள் அணிக்கு.

இங்கிலீஷ்காரனுக்கு அவர் மேனேஜர். நம் பசங்களுக்குக் கோச். கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் மஞ்சள் சட்டை போட்டு நிற்பவர்கள் பிளாஸ்டர்ஸ் கோச்சாக இருந்த இவான் வுகோமனோவிச்சை ஆசான் என்றே கூப்பிட்டார்கள். எங்கோ செர்பியாவில் பிறந்த மனுஷனுக்கு ஆசான் பட்டம்! கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசான் என்றால் யார் என்று நான் சொல்லவேண்டாம். அடிமுறை சொல்லிக் கொடுப்பவர், வர்மம் தட்டி எடுப்பவர். முதல் அடி வாங்கிய அன்றைக்கே ஆசானை மாற்றிய சிஷ்யன் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் எழுந்து நில்லுங்கள். யாரும் எழவில்லை. சரி.

எதிரணித் தலைவர் அண்ணன் நன்றாகத்தான் பேசினார். "மூன்று வருடம் கொடுத்தோம், ஒரு கோப்பை உண்டா?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நான் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதுகிறவள். கைதட்டலைப் பார்த்துத் தொகை எழுத முடியாது, எடை பார்த்துத்தான் எழுத வேண்டும். அதனால் அண்ணனுடைய கணக்கைக் கொஞ்சம் எடை போடுகிறேன்.

2014 இல் கிளப் தொடங்கியது. முதல் கோச் டேவிட் ஜேம்ஸ். அந்த வருடமே இறுதிப் போட்டி. மும்பையில் கடைசி நிமிடத்துக்கும் அப்புறம், காயத்துக்காகக் கூட்டிக் கொடுத்த நேரத்தில், கொல்கத்தாவின் ரஃபீக் தலையால் ஒன்று போட, போயிற்று. ஜேம்ஸும் போனார். 2015 இல் பீட்டர் டெய்லர், சீசன் பாதியில் அவரும் போய் டெரி ஃபெலான், கடைசி இடம். 2016 இல் ஸ்டீவ் கோப்பல். கொச்சியில் நம் மண்ணிலேயே இறுதிப் போட்டி, பெனால்ட்டியில் 4-3 என்று மறுபடி கொல்கத்தாவிடம் தோல்வி. இறுதிவரை கொண்டுபோன மனுஷனை அடுத்த சீசனில் ஜாம்ஷெட்பூர் பக்கம் பார்த்தோம். அப்புறம் ரெனே மியூலன்ஸ்டீன். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசனோடு நின்று பயிற்சி கொடுத்தவர். ஏழு ஆட்டம்தான், 2018 ஜனவரியில் கிளம்பிவிட்டார். மறுபடி ஜேம்ஸ். அப்புறம் நெலோ விங்காடா. அப்புறம் எல்கோ ஷட்டோரி. நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை முதல் முறையாகப் பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுக்கு, கொண்டுபோனவர், நம்மிடம் ஒரே சீசன். அப்புறம் கிபு விகூனா; மோகன் பகானுக்கு ஐ-லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த கையோடு வந்தவர், சீசன் முடியும் முன்பே பெட்டி கட்டினார்.

ஒன்றிரண்டு ஆட்டம் பார்த்துக்கொண்டவர்களைச் சேர்க்காமலே ஒன்பது விரல் மடக்கியாயிற்று ஐயா. ஏழு வருடத்தில்! இவர்களில் யார் வேலை தெரியாதவர்? முந்தின ஊரில் ஜெயித்தவர், பெரிய இடத்தில் படித்தவர், இறுதிப் போட்டி பார்த்தவர், எல்லாரும் நம் வீட்டுக்கு வந்ததும் திறமை இழந்துவிட்டார்களா? எந்த மருமகள் வந்தாலும் குழம்பு உப்புக் கரிக்கிறது என்றால், ஒரு நாளாவது உப்புச் சாடியைத் திறந்து பார்க்க வேண்டாமா?

இப்போது நான் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. பிளாஸ்டர்ஸ் கதையும் இதேதான் என்பது என் கட்சி.

என் வீட்டுக்காரர் சிராங்கு, அதாவது போட்டை நடத்துகிற தலைவர். தூண்டில் போட்டில் முப்பது நாள், நாற்பது நாள் என்று ஆழ்கடலுக்குப் போகிறவர். சில வருடங்களுக்கு முன் ஒரு முதலாளியின் போட்டை ஓட்டினார். பெயர் வேண்டாம், அவர் சொந்தக்காரர்கள் இங்கேயும் உட்கார்ந்திருக்கலாம். அந்த முதலாளி செலவைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். ஐஸைக் குறைத்தார். நூறு கட்டி ஏற்றுகிற இடத்தில் எழுபது. "போதும், சீக்கிரம் திரும்பிவிடுங்கள்" என்றார். கடல் என்ன பஸ்ஸா, சீக்கிரம் திரும்ப? மீன் கிடைத்தது. சூரை கிடைத்தது, நல்ல நெய்மீனும் கிடைத்தது. ஆனால் கரைக்கு வந்து அறையைத் திறந்தபோது மேலே இருந்த மீன் மட்டும் பளபளவென்று இருந்தது. அடியில் இருந்ததை எடுத்து ஏலக்காரர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டியது சாம்பல் நிறமாக வெளுத்துப்போயிருந்தது. விரலால் அமுக்கினார், அமுக்கின குழி அப்படியே நின்றது. எழும்பி வரவில்லை. விலை பாதியாக விழுந்தது. அந்தக் கணக்கை எழுதியது இந்தக் கைதான் ஐயா, புருஷன் பக்கத்தில் நிற்கிறார், நான் தலை நிமிராமல் எழுதினேன்.

முதலாளி என்ன செய்தார்? ஐஸைக் கூட்டினாரா? சிராங்கை மாற்றினார். புது சிராங்கு, அதே எழுபது கட்டி ஐஸ். திரும்பி வந்தபோது அதே செவுள்தான். அவரையும் மாற்றினார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியவர்கள் கேட்டது இதைத்தான்.

இப்போது பிளாஸ்டர்ஸின் ஐஸ் அறையைத் திறக்கலாமா? 2021 இல் இவான் வந்தார். முதல் ஆட்டம் மோகன் பகானிடம் 4-2 தோல்வி. அடுத்த இரண்டும் டிரா. மூன்று ஆட்டம், ஒரு வெற்றி இல்லை. அன்றைக்கு எதிரணி அண்ணன் கையில் அதிகாரம் இருந்திருந்தால் நாலாவது ஆட்டத்துக்குள் பத்தாவது விரலையும் மடக்கியிருப்பார். கிளப் பொறுத்தது. அந்த முதல் தோல்விக்கப்புறம் அந்த அணி பத்து ஆட்டம் தோற்காமல் ஓடியதைப் பார்த்தோம். 2022 மார்ச் 20, கோவாவில் இறுதிப் போட்டி. ராகுல் கோல் போட்டுவிட்டான், இந்தக் கடற்கரையில் வெடி தீர்ந்துபோய்த் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 88 ஆவது நிமிடம் ஹைதராபாத் சமன் செய்தது. பெனால்ட்டியில் 3-1 என்று அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இறுதிவரை வந்த அந்த அணிக்கு அடுத்த சீசனில் என்ன நடந்தது? முன்னால் நின்று கோல் போட்ட அல்வாரோ வாஸ்கெஸ் கோவாவுக்குப் போனார். பெரெய்ரா தியாஸ் மும்பைக்குப் போனார். 2023 இல் சஹல் மோகன் பகானுக்குப் போனான். அந்த வருடக் கடைசியில் கேப்டன் லூனாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். அவ்வளவுக்குப் பின்னும் இவான் இருந்த மூன்று சீசனும் பிளேஆஃப். மூன்று சீசன் முழுதாக இருந்த ஒரே கோச்சும் அவர்தான், மூன்று வருடம் தொடர்ந்து பிளேஆஃப் பார்த்த ஒரே காலமும் அதுதான். இது தற்செயலா? 2024 ஏப்ரலில் அவரும் போனார். அந்தக் கோடையிலேயே, லீக்கிலேயே அதிக கோல் போட்டிருந்த தியாமன்டகோஸும் நடுக்களத்தில் நின்ற ஜீக்சனும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார்கள். புதிதாக வந்த ஸ்டாரே என்ன செய்வார்? நியாயத்துக்குச் சொல்கிறேன், நோவா வந்தார், ஹிமெனெஸ் வந்தார், கோலும் போட்டார்கள். அதைவிட அதிகமாக வாங்கினோம். 12 ஆட்டத்தில் 7 தோல்வி. அந்த டிசம்பரில் ரசிகர் கூட்டமான மஞ்சப்படை கோபப்பட்டது நிர்வாகத்தின் மேல். நிர்வாகம் அதே மாதம் ஸ்டாரேயை அனுப்பியது. ரசிகன் கேட்டது ஐஸ், கொடுத்தது சிராங்கின் தலை.

அப்புறம் அந்தத் தம்பி, லண்டன் கிளப் செல்சீயின் சட்டையோடு வந்திருக்கிறாரே, அவர் சொன்னார்: "2012 இல் பாதியில் வந்த டி மட்டேயோ சாம்பியன்ஸ் லீக் வாங்கினார், 2021 இல் பாதியில் வந்த டூகல் வாங்கினார், மாற்றினால்தான் கோப்பை." தம்பி, உண்மைதான், மறுக்கமாட்டேன். ஆனால் அது அன்றைக்குச் செல்சீயின் முதலாளியாக இருந்த அப்ரமோவிச்சின் போட். ஐஸ் நிரம்பி வழிகிற போட். கேட்ட ஆளை வாங்கிக் கொடுத்த வீட்டில் சிராங்கை மாற்றிப் பார்க்கலாம், நல்ல ஆளை விற்றுவிட்ட வீட்டில் மாற்றி என்ன செய்ய? போகட்டும், அந்த டி மட்டேயோ என்ன ஆனார்? மே மாதம் கோப்பை, நவம்பரில் வேலை காலி. கோப்பை வாங்கினாலும் துரத்துவீர்கள், வாங்காவிட்டாலும் துரத்துவீர்கள் என்றால் கோப்பையைக் காரணம் சொல்லாதீர்கள்.

ஃபெர்குசனைப் பற்றி ஒரு வரி மட்டும், ஏனென்றால் எல்லாரும் பேசியாகிவிட்டது. 1986 நவம்பரில் வந்தார். 1989 டிசம்பரில் அவர் மைதானத்திலேயே "மூன்று வருடமாகச் சாக்குப்போக்கு, போய்விடு" என்ற அர்த்தத்தில் பேனர் தூக்கினார்கள். நம் அண்ணனும் அதே மூன்று வருடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்! அந்த சீசனில் லீக்கில் 13 ஆவது இடம். முதல் கோப்பை 1990 இல், லீக் பட்டம் 1993 இல்தான். அதையும் சேர்த்து மொத்தம் 13 லீக் பட்டம் என்பது பேனர் பிடித்தவருக்கும் தெரியும்.

"ஆட்டத்தைப் பாதியில் விட்டு வந்தவரையா வைத்துக்கொள்வது?" என்று இன்னொரு கேள்வி வந்தது, அது நேர்மையான கேள்வி. 2023 மார்ச் 3, பெங்களூரு. சுனில் சேத்ரி நம் ஆட்கள் தடுப்புச் சுவராக நிற்கும் முன்பே ஃப்ரீகிக்கை அடித்துவிட்டார் என்று இவான் அணியையே மைதானத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார். கிளப்புக்கு 4 கோடி அபராதம், அவருக்கு 10 ஆட்டம் தடை, 5 லட்சம் அபராதம். அது தப்பு ஐயா. என் அணித் தலைவருக்கு இதைச் சொல்வதில் விருப்பமில்லை, ஆனால் தப்பு தப்புதான். ஆட்டத்தை விட்டுவிட்டு வரக்கூடாது. தண்டனை கொடுத்தார்கள், அவர் அனுபவித்தார். தடை முடிந்து அக்டோபரில் அவர் கலூரில் கால் வைத்தபோது எழுந்த சத்தத்தைக் கேட்டவர்களில் எதிரணி அண்ணனும் ஒருவர். நீங்கள் டிக்கெட் எடுத்து ரயிலேறிப் போனது எனக்குத் தெரியும் அண்ணா. திரும்பி வரும்போது தொண்டை கட்டி இரண்டு நாள் பேசவில்லை என்று அண்ணி சொன்னார்.

மணி ஒருமுறை அடித்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு கணக்கு.

2022 இல் நம்மைத் தோற்கடித்த ஹைதராபாத் 2019-20 சீசனில் கடைசி இடம். அடுத்த சீசனுக்கு மனோலோ மார்கெஸ் வந்தார். அந்த முதல் வருடம் ஐந்தாவது இடம், பிளேஆஃபே இல்லை. நம் அண்ணன் சட்டப்படி அவர் போயிருக்க வேண்டும். அவர்கள் போகவிடவில்லை. இரண்டாவது வருடம் அதே மனுஷன்தான் நம் கண்ணெதிரே கோப்பையைத் தூக்கினார்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி, செல்சீயையும் லண்டனையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஹைதராபாத் கணக்குக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மேலே போகட்டும். மைக்கை என் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறேன், ஏற்றிக்கொள்ளுங்கள் தம்பி. வணக்கம்.