பத்து விரல் மடக்கும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீடு பாபநாசத்துக்கு அருகில், குடமுருட்டி ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறது. கூடத்துத் தூண் ஒன்றில் என் மகள், மகன் இருவருடைய உயரத்தையும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் தேதி எழுத வேண்டும் என்பது என் விருப்பமாக இருந்தது. பிள்ளைகளின் அப்பாயியான என் மாமியார் அதற்கு இணங்கவில்லை. "குறுவை அறுப்பு", "ஆற்றில் தண்ணீர் வந்த மறுநாள்", "தாளடி நடவுக்கு ஆள் கிடைக்காத வாரம்" என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியவையே அந்தத் தூணில் இருக்கின்றன. என் கணவர் எந்த மாதத்தில் நடக்கத் தொடங்கினார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. சம்பாவுக்கு நாற்று பறித்துக்கொண்டிருந்தபோது, வரப்பில் உட்கார்த்தி வைத்திருந்த பிள்ளை தானாக எழுந்து வந்து நாற்று முடிகளை மிதித்துவிட்டது என்று மட்டும் சொல்வார். அவருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

சிறு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் கடந்துவந்த படிகளையும் பயணங்களையும் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தத் தூண்தான். அடுத்ததாக நினைவுக்கு வந்தது, கடவுளையோ பெரியவர் ஒருவரையோ குழந்தையாக எண்ணிப் பாடும் பிள்ளைத்தமிழ். நான் தமிழாசிரியை. திருமணத்துக்கு முன்பே பல ஆண்டுகள் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை வகுப்பில் ஒப்பிக்கச் செய்திருக்கிறேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பது ஆண்பால் பிள்ளைத்தமிழின் வரிசை. பெண்பாலுக்குக் கடைசி மூன்று மட்டும் மாறும். எந்தப் பருவம் எந்த மாதத்துக்குரியது என்று பாட்டியல் எனப்படும் இலக்கண நூல்கள் கணக்குச் சொல்கின்றன. அந்தக் கணக்கும் நூலுக்கு நூல் சற்று மாறும். ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை என்று நான் கரும்பலகையில் படம் வரைந்து காட்டிய நாள்களில் ஒரு குழந்தையை அந்த நிலையில் நின்று பார்த்திருந்தேனா என்றால், இல்லை.

2016ஆம் ஆண்டு மகள் பிறந்தாள். ஐந்தாம் மாதத்தில் அவள் செங்கீரை ஆடுவாள் என்று நான் கைப்பேசியோடு காத்திருந்தேன். அவள் குப்புற விழுந்தாள், சில வாரங்களில் உட்கார்ந்தாள், அதன்பின் தவழவே இல்லை. உட்கார்ந்த நிலையிலேயே ஒரு கையைத் துடுப்புப் போல ஊன்றிக் கூடம் முழுவதும் நகர்ந்து திரிந்தாள். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. குழந்தை மருத்துவர் சிரித்துவிட்டு, உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். நலமாக வளரும் குழந்தைகளிலேயே நூற்றுக்கு நான்கு பேர் அளவில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிடுகிறார்கள் என்றும், தனியாக நடப்பது எட்டு மாதத்திலும் நிகழலாம், பதினேழரை மாதத்திலும் நிகழலாம் என்றும் அதில் கண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதத்தில் நடந்ததைக் கேட்டு உறக்கம் கெட்டிருந்த எனக்கு, இரண்டுக்கும் நடுவே ஒன்பது மாத இடைவெளி இருப்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஓராண்டு நிறைந்ததும் முடியிறக்கிக் காது குத்துவதற்காக வைத்தீஸ்வரன்கோயிலுக்குச் சென்றோம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அங்கேதான் வழக்கம். தாய்மாமன் மடியில் உட்கார்த்தினால் பிள்ளை அழாது என்று சொல்லியிருந்தார்கள். அன்று பிள்ளையோடு சேர்ந்து மாமனும் கண் கலங்கினார். உப்பும் மிளகும் கொட்டி, குளத்தில் வெல்லம் கரைத்து முடித்தபோது உச்சிவேளை ஆகிவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து இளையவனுக்காக மீண்டும் அங்கே சென்றபோது, சித்தாமிர்தத் தீர்த்தத்தில் தவளையே கிடையாது என்ற தலபுராணச் செய்தியை யாரோ மகளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் படியில் குந்தி, அரைமணி நேரம் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல் தவளையைத் தேடினாள். பெரியவர்கள் பந்திக்குக் கூப்பிட்டும் வரவில்லை. தம்பியின் காதுகுத்தைப் பற்றி இன்று அவளிடம் கேட்டால், தவளை இல்லை என்பதைத்தான் முதலில் சொல்கிறாள். விழா யாருக்காக நடந்தது என்ற எண்ணம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கோயிலில் இருக்கும் முத்துக்குமாரசாமியின் மேல் பிள்ளைத்தமிழ் பாடியவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, நம் மயிலாடுதுறைப் பக்கத்துத் தருமபுர ஆதீனத்துக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய வரலாற்றில் எல்லாரும் அறிந்த செய்தி, ஐந்து வயது வரை அவர் வாய் பேசவில்லை என்பது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் திருச்செந்தூர் முருகன் அருளால் பேசினார் என்ற முடிவுக்கு விரைந்து போய்விடுவேன். பேசாத அந்த ஐந்து ஆண்டுகளை அவருடைய தாய் எப்படிக் கழித்திருப்பாள் என்று நினைத்ததில்லை. என் மகனுக்கு இரண்டு வயது நிறைந்தபோதுதான் நினைத்தேன்.

மகன் 2020 பொங்கலை ஒட்டிப் பிறந்தவன். அவன் பிறந்த சில வாரங்களில் ஊரடங்கு வந்துவிட்டது. உறவு, அண்டை அயல், கோயில், சந்தை எதுவும் இல்லாமல் எங்கள் முகங்களை மட்டுமே பார்த்து வளர்ந்தான். நடந்தான், ஓடினான், அக்காவின் முடியைப் பிடித்து இழுத்தான், பேசவில்லை. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொன்னவர்கள் உண்டு. ஆண்பிள்ளை என்றால் மெதுவாகத்தான் பேசும் என்று சொன்னவர்கள் அதைவிட அதிகம். இரண்டாவது கருத்தை நம்பி நானும் சில மாதங்களை வீணாக்கினேன் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்ந்த தொடரும் வராத குழந்தைக்குக் காது கேட்கும் திறனை முதலில் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். சோதித்ததில் செவித்திறனில் குறை இல்லை. அதன்பின் வாரம் ஒருமுறை தஞ்சாவூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குச் சென்றோம்.

அந்தப் பயணங்களை அப்போது நான் பயணங்களாகவே எண்ணவில்லை. சோற்று டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலும் மாற்றுத் துணியும் திணித்த பையோடு, ரயிலிலும் பேருந்திலுமாக, தலைவலியோடு போய் வந்தேன். மகனுக்கோ அது முழு உலகமாக இருந்தது. சன்னலோரம் நின்று கொக்கைக் காட்டுவான். உளுந்து செடிகளுக்கு நடுவே நிற்கும் மாட்டைக் காட்டுவான். பெரிய கோயிலின் விமானம் கண்ணில் பட்டதும் இரு கைகளையும் தட்டுவான். இராசராசன் 1010ஆம் ஆண்டு கட்டி முடித்த 216 அடி உயர விமானம் ஒரு குழந்தைக்கு இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டது என்பதற்கான அடையாளமாக இருந்தது. அவன் கை தட்டியதைப் பார்த்துக்கொண்டே, குழந்தை கை தட்டி ஆடும் சப்பாணிப் பருவத்தைப் பற்றி ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் எங்கள் வீட்டு நடப்பைக் கேட்டறிந்தபின் ஒரு வேலை கொடுத்தார். குழந்தையிடம் ஒன்றைக் கேட்டால், பத்து வரை மனத்துக்குள் எண்ணி முடிக்கும்வரை பதிலை நீங்கள் சொல்லக் கூடாது என்றார். கேட்கும்போது எளிதாகத் தெரிந்தது. எங்கள் வீட்டிலோ, அவன் சொம்பின் பக்கம் திரும்பினாலே அப்பாயி தண்ணீர் மொண்டுவிடுவார். அவன் வாய் திறப்பதற்குள் அக்கா அவனுக்காகப் பேசிவிடுவாள். பேச்சு தாமதமானதற்கு இது காரணம் என்று பயிற்சியாளர் சொல்லவில்லை. அவன் பேச முயன்றால் அதற்கு இடம் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். நான் ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணத் தொடங்கினேன். "தம்பிக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் பத்து விரல் மடக்கும் நேரம் எவ்வளவு நீளமானது என்பது காத்திருந்து பார்த்தவர்களுக்கே தெரியும். அத்தை, அதாவது என் மாமியார், நான்காவது விரலிலேயே, "பிள்ளைக்குத் தொண்டை வறண்டுபோகும், கொடும்மா" என்று எழுந்துவிடுவார். அவரை உட்கார வைப்பது மகனைப் பேச வைப்பதைவிடக் கடினமாக இருந்தது.

அப்போதுதான் பிள்ளைத்தமிழின் ஈற்றடிகள் எனக்கு வேறு விதமாகக் கேட்டன. செங்கீரை ஆடியருளே, சப்பாணி கொட்டியருளே, முத்தம் தருகவே, வருகவே என்றுதான் ஒவ்வொரு பாட்டும் முடிகிறது. குழந்தை ஆடியது, கொட்டியது, வந்தது என்று எந்தப் பாட்டும் சொல்வதில்லை. பருவத்துக்குப் பத்துப் பாட்டு வீதம் நூறு பாட்டிலும் பெரியவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குழந்தை இன்னும் செய்யவில்லை. மாதக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட நான், அது அட்டவணை அன்று, வேண்டுகோள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஐந்து வயது வரை பேசாதிருந்ததாகச் சொல்லப்படும் ஒருவர் இந்த வேண்டுகோளை எழுதினார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சற்று உடல் சிலிர்க்கிறது.

அந்த ஆண்டு, அதாவது 2022இல், மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12க்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்னதாக, மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாளாகும். அங்கிருந்து பிரிந்து எங்கள் ஆற்றுக்கு வருவதற்கு மேலும் சில நாள்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஆற்று மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்த மாலையில் தண்ணீர் வந்தது. பாய்ந்து வரும் வெள்ளத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். காய்ந்த சருகையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று நிரப்பிவிட்டு, ஆள் நடக்கும் வேகத்தில்தான் முதல் தண்ணீர் வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே கூச்சலிட்டார்கள். மகளின் மணல்வீட்டைத் தண்ணீர் தொட்டபோது அவள் ஓவென்று அழுதாள். கரையில் என் இடுப்பில் இருந்த மகன், "அக்கா, தண்ணி" என்றான். சற்றுப் பொறுத்து, "அக்கா, வா" என்றான்.

அத்தை அன்று இரவே தூணில் கோடு போடச் சொன்னார். உயரம் அளக்கும் தூண் அது, பேச்சுக்கு எப்படிக் கோடு போடுவது என்று கேட்டேன். அவர் கேட்கவில்லை. "தண்ணீர் முன்னால் வந்த வருடம்" என்று அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. மகனின் மார்பளவு உயரத்தில் அந்தக் கோடு எதை அளக்கிறது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

அதன்பின் பேச்சு ஒரே நாளில் பெருகிவிடவில்லை. மேலும் ஓராண்டு தஞ்சாவூருக்குப் போய்வந்தோம். ஆனால் 2024 பொங்கல் விடுமுறையில் கோடியக்கரைக்குச் சென்றபோது அவன் வாயை அடைக்க முடியவில்லை. பூநாரைகளைக் காட்டத்தான் அழைத்துச் சென்றோம். அவை நெடுந்தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன; மகள் தொலைநோக்கியை விடவில்லை, மகன் திரும்பியும் பார்க்கவில்லை. வெளிமான் கூட்டம் ஓடியதை மட்டும் ஒத்துக்கொண்டான். அவனைக் கட்டிப்போட்டது வழியில் வேதாரண்யத்து உப்பளங்களில் குவித்திருந்த உப்பு. "இவ்வளவு உப்பையும் யார் சாப்பிடுவார்கள்?" என்று கேட்டான். அவன் அப்பா, 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்தே வந்து இங்கே உப்பெடுத்த கதையைச் சொன்னார். நான்கு வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர்களை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள்?" என்றான். அரை கிலோமீட்டர் நடந்தாலே இடுப்பில் ஏறிக்கொள்ளும் அவனுக்கு அது நியாயமான ஐயம். திரும்பும் வழியில் திருத்துறைப்பூண்டிக்கு முன்பே வாந்தியெடுத்து, என் புடவையில் படுத்து உறங்கிவிட்டான்.

சென்ற ஆடிப்பெருக்குக்கு அவனுக்கு முதன்முதலாகத் தனிச் சப்பரம் வாங்கினோம். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: பதினெட்டாம் பெருக்கன்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மரத்தால் செய்த சிறு சப்பரத்தில் சாமிப் படம் வைத்துத் தெருவில் இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு வருவார்கள். சிறுதேர் உருட்டும் பருவத்தை வகுப்பில் நடத்திய நாள்களில் எங்கள் தெருவிலேயே அது உருண்டுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பாதி வழியில் ஒரு சக்கரத்தின் கடையாணி கழன்று விழுந்தது. மகள் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகினாள். கரையில் விளக்கேற்றி, காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, காப்பரிசி தின்றுகொண்டிருந்தோம். படித்துறையில் அப்பாயியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், "அப்பாயி, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டான்.

அத்தைக்குக் காது சற்று மந்தமாகிவிட்டது. கேட்டதை உள்வாங்கிப் பதில் சொல்ல நேரம் எடுக்கும். நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். மகன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, இரு கைகளையும் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கத் தொடங்கினான். ஒன்பதாவது விரல் மடங்கியபோது, "கடைமடைக்குப் போகுதுப்பா" என்றார் அப்பாயி.

"கடைமடை என்றால் என்ன?" என்று கேட்டுவிட்டு, அவன் மடக்கிய விரல்களை எல்லாம் மறுபடியும் விரித்துக்கொண்டான்.

வணக்கம்.